மெர்லின் சொன்னதில் நான் விழுங்கிய பாதி

என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆட்களின் முகம் நினைவிருக்கும், கிழமை நினைவிருக்காது. போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, மைக்கைக் கையில் தந்தீர்கள். நான் ஸலாம் சொன்னேன், தேத்தண்ணி குடித்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு பேருக்கு முன்னால் பேச எனக்கு எந்த நாளும் வராது. அதை மரியாதையில்லாத வேலையாய் எடுக்க வேண்டாம்.

ஆனால் அன்று எல்லோருக்கும் ஒரு கடதாசி கொடுத்தீர்கள் அல்லவா, அதை வீட்டில் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன். நல்ல வேலைக்கு உதாரணம் என்று தலைப்பு. கற்பிட்டிக் கரையில் வாடியில் இருந்த நாலு பெண்களும் ஐந்து பிள்ளைகளும் ஆபத்து வருமுன் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டார்கள், அவர்களின் சம்மதம் முறையாகப் பெறப்பட்டது என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வேலையில் நான் இருந்தேன். அது அப்படி நடக்கவில்லை. வாசித்த நேரம் தொடக்கம் எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது சமைக்க. சண்டைக்காலத்தில், துவக்கோ வேறு ஆயுதமோ இல்லாமல் வந்து சனத்துக்கு நடுவில் இருக்கிற வெளிநாட்டாட்களின் அலுவலகம் அது. அடுப்படியில் நின்ற என்னை வெளியே இழுத்தது என் சிங்களம். சிறு வயதில் வாப்பாவோடு சிலாபச் சந்தையில் கருவாடு விற்றுப் பழகிய சிங்களம். பெண்கள் ஆண்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். ஆகையால் என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பிறகு சட்டைக்கு மேல் போடுகிற அந்த நீலக் கையில்லாச் சட்டையும் தந்தார்கள். எனக்கு அது பெரிது. முழங்கால் வரைக்கும் தொங்கும்.

எங்கள் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வேறு வேறு நாட்டுச் சண்டைகளில் எல்லாம் இருந்தவர், கிழக்கிலும் பல வருஷம் இருந்தவர். தமிழ் தெரியும், ஆனால் புத்தகத்தில் இருக்கிற தமிழ். சிங்களம் தெரியாது. சாரதி ரிஸ்வான் புத்தளத்துப் பொடியன், வாய் ஓயாதவன். அன்று வேலையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

சண்டை முடிந்து வருஷக்கணக்காகி, பிறகு வேறு விதமாய்க் கலவரம் கிளம்பிய காலம். வேறு ஊர்களில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள் எரிகிற செய்தி போனில் வந்துகொண்டே இருந்தது. கண்டக்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரை. ஊர்ப் பேர் வேண்டாம். ஊரில் இருப்பது முஸ்லிம் சனம். கரையில், மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் வந்து ஓலைக் குடிசையாய் வாடி போட்டிருந்தது சிலாபப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் நாலு. வருஷா வருஷம் வருகிறவர்கள். ஆண்கள் விடியமுன் கடலுக்குப் போய்விட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வாடியில்.

காலை பத்து மணி போல மீனவர் சங்கச் செயலாளர் எனக்குப் போன் எடுத்தார். எனக்கு அவர் நானா, எல்லோருக்கும் நான் ராத்தா, அண்ணன் அக்கா முறை. நல்ல மனிதர், ஆனால் எதையும் அழுதுகொண்டு சொல்வார்.

“ராத்தா, மேடத்தக் கூட்டிட்டு வாங்க. பொடியன்மார் மதகுல குந்திட்டு இருக்கானுகள். அவனுகள்ட கதை சரியில்ல.”

“என்ன கதைக்கிறாங்க நானா?”

“அங்க நம்மட கடைய எரிக்கிறாங்க, இங்க நாங்க அவங்கட வாடியப் பாத்துட்டு இருக்கமே எண்டு. பொலிசுக்கும் சொன்னேன். இருக்கிற ஆள் முழுக்க டவுனுக்குப் போயிட்டாம். நான் எத்தின பேரப் புடிச்சு வைக்க?”

போனோம். வெள்ளை வான், மேலே கொடி, சைரன் மட்டும்தான் இல்லை. ஊரின் நடு ரோட்டால்தான் போக வேண்டும். வாடிக்கு வழி பிழைத்து ரிஸ்வான் இரண்டு தரம் திரும்பினான். ஆக, அந்த ஊரில் கண்ணுள்ள எல்லோரும் எங்களை மூன்று தரம் பார்த்தார்கள். மதகில் இருந்த பொடியன்மார் எழும்பி நின்றார்கள். அதுவரைக்கும் அவர்கள் குந்திக்கொண்டுதான் இருந்தார்கள். இதை மறக்க வேண்டாம்.

வாடியில் மூத்தவள் மெர்லின். நாற்பது வயதிருக்கும், நல்ல கறுப்பு, குரல் கடலைத் தாண்டிக் கேட்கும். தமிழ் கொஞ்சம் தெரியும், சந்தைத் தமிழ். அன்று பதற்றத்தில் சிங்களம்தான் வந்தது. மேடம் தன் புத்தகத் தமிழில் கேட்டார்.

“ராத்தா, நாங்கள் அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். அவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.”

கேட்டேன். மெர்லின் மூச்சு விடாமல் சொன்னாள். “எனக்கும் பயம்தான், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வரத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் போனால் சேலைக் கம்பத்தை யார் பார்ப்பது? எங்கள் ஆண்கள் வந்து சேலையைக் காணாவிட்டால் என்ன நினைப்பார்கள்? ஒருத்தியாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் அவர்களுக்கு அறிவித்துவிட்டு…”

சேலைக் கம்பம் என்பது இது. அந்தக் கரைக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் கல்லுப் பார் இருக்கிறது. படகு நுழைய அதில் ஒரேயொரு வாசல். வாசலுக்கு நேரே கரையில் நீளமான சவுக்குக் கம்பம் நட்டு, உச்சியில் பழைய சேலை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். படகு அதைப் பார்த்துத்தான் உள்ளே வரும். ஆண்கள் கடலில் இருக்கும் வரை சேலை பறக்க வேண்டும். கரையில் சாவு, அல்லது பெரிய கரைச்சல் என்றால் மட்டும்தான் பெண்கள் அதை இறக்குவார்கள். சேலை இல்லை என்றால் படகு கரைக்கு வராது. வெளியே நின்று என்ன கேடு என்று விசாரிக்கும்.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. கடற்கரையில் பிறந்தவள் நான். ஆனால் மதகுப் பக்கம் இருந்து இரண்டு மோட்டர் சைக்கிள் வருகிற சத்தம் கேட்டது. ரிஸ்வான் “ராத்தா கெதியா, கெதியா” என்று அவசரப்படுத்தி உயிரை எடுக்கிறான். மேடம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு நீளமாய்ச் சொன்னதை அவருக்கு விளங்கப்படுத்தப் பத்து நிமிஷமாவது வேண்டும். அவரை நிறுத்தி, “கொஞ்சம் பொறுங்க, இதில் ஒரு விஷயம் இருக்கு” என்று சொல்ல எனக்கு வெட்கம். வெட்கம்தான், வேறு ஒன்றுமில்லை.

“பயமாம் மேடம். வாறாங்களாம்” என்றேன்.

நான் விழுங்கிய பாதி அதுதான். நாங்கள் நிரப்புகிற கடதாசியில் சம்மதம் என்ற கட்டத்தில் சரி போட்டதும் என் கைதான்.

அந்த மோட்டர் சைக்கிள் இரண்டும் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. பிறகு ஒவ்வொன்றாய் முட்டாள்தனம். பெண்கள் சட்டி பானை முதற்கொண்டு அள்ளினார்கள். ஒருத்தி பதற்றத்தில் யோசிக்காமல் சேலையையும் எடுக்கச் சொன்னாள், விட்டுவிட்டுப் போனால் களவு போகுமாம். முடிச்சு இறுகியிருந்தது. ரிஸ்வான் கம்பத்தையே அசைத்து அசைத்துச் சாய்த்துவிட்டான். வானில் ஏறியதும் எங்கள் ஒழுங்குப்படி எல்லோருடைய போனையும் அணைக்கச் சொன்னேன். யாரும் படம் எடுத்து வெளியே அனுப்பக் கூடாது என்பதற்கு அந்த ஒழுங்கு. மெர்லின் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் மேடத்திடம் எல்லாம் சொல்லியிருப்பேன், மேடம் ஏதோ ஏற்பாடு செய்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். நம்பினவளின் பார்வை அது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பாலாவிப் பக்கம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் அவர்களை இறக்கினோம். பிள்ளைகளுக்குத் தின்னப் பணிஸ் வாங்கிக் கொடுத்தோம். மேடம் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணி ஒன்பது பேரும் பத்திரம் என்று அறிவித்தார். அவர்கள் சந்தோஷம் என்றார்கள். உங்கள் கடதாசியில் உள்ள கதை இந்த இடத்தில் முடிகிறது. நீங்கள் வாசித்துப் பாராட்டியது இதைத்தான்.

நான் மெர்லினுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மடியில் அந்தச் சேலையை மடித்து வைத்திருந்தாள்.

“காத்து எழும்பிட்டுது” என்றாள். “அவங்க இண்டைக்கு நேரத்தோட திரும்புவாங்க. கம்பத்துக்கு ஆரு?”

கோப்பையை அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“நீ அந்த வெள்ளைக்கார நோனாக்குச் சொன்னதுதானே?”

நான் குனிந்து பிள்ளைகள் போட்ட பணிஸ் தாளைப் பொறுக்கினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் சுகமாய் இருந்திருக்கும். போனைத் திறந்தாள். திறந்ததும் அது அடித்தது. சிலாபத்தில் இருந்து அவளுடைய தம்பி. அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

படகுகள் பாருக்கு வெளியே வந்துவிட்டன. சேலை இல்லை, கம்பமும் இல்லை, வாடியில் புகையும் இல்லை. பெண்களின் போன் எல்லாம் செத்துக் கிடக்கிறது. மெர்லினின் புருஷன் தம்பிக்குப் போன் எடுத்து, பொம்பிளைகளை ஊர்ச் சோனக முஸ்லிம்கள் கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதோடு அவருடைய போன் சார்ஜ் முடிந்து நின்றுவிட்டது. தம்பி ஒரு லொறி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுகிறான்.

“நான் நல்லா இருக்கேன், கோயில்ல இருக்கேன்” என்றாள் மெர்லின்.

“பக்கத்துல ஆரு?”

“ஒரு முஸ்லிம் அக்கா.”

“அவ சொல்லித்தாறதச் சொல்றியா? உன்ட கழுத்துல கத்தி வச்சிருக்காங்களா?”

அவன் நம்பவில்லை. படம் அனுப்புகிற வசதியெல்லாம் அன்று நாடு முழுக்க நிறுத்தப்பட்டிருந்தது. “உன் புருஷன் உன்னைக் கண்டேன் என்று சொன்னால் நம்புவேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

இந்த நேரம் செயலாளர் நானாவும் எனக்குப் போன் எடுத்தார். வெள்ளைக்காரர் வந்து சிங்களப் பொம்பிளைகளை வெளியேற்றினதைப் பார்த்த ஊர், எங்களை அடிக்க லொறி வரப்போகிறது, அதுதான் அவர்களுடைய ஆட்களை முதலில் எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டதாம். பொடியன்மார் மதகை விட்டு எழும்பி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார்களாம். காலையில் இல்லாத லொறி, பின்னேரம் உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் செய்தி கொடுத்தது எங்கள் வான். ஒரு ஆள் கல்லெடுக்கமுன் நாங்கள் போய்க் கலவரத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காய் அடுக்கிக் கொடுத்திருக்கிறோம்.

மேடம் வாசலில் நின்று கொழும்போடு பேசிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை, அந்த மண்டபத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்தது.

“மேடம், நான் முழுக்கச் சொல்லல்ல.”

“எதை, ராத்தா?”

“மெர்லின் சொன்னத. பாதிய விட்டுட்டன்.”

அவர் போனைக் காதில் இருந்து எடுத்தார். “இப்போது முழுவதும் சொல்லுங்கள். மெதுவாக.”

மெர்லினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். பத்து நிமிஷம் போகவில்லை, மூன்று நிமிஷம்தான் போனது. காலையிலும் மூன்று நிமிஷம்தான் போயிருக்கும். மேடம் என்னைத் திட்டவில்லை. “நானும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அவர் நீளமாகப் பேசினார், நீங்கள் சுருக்கமாகச் சொன்னீர்கள். நான் கேட்டிருக்க வேண்டும்” என்றார். பிறகு மெர்லினைப் பார்த்து, “அவர் என்ன செய்ய விரும்புகிறார்?” என்றார்.

மெர்லின் எழும்பி நின்றாள். “என்னைக் கொண்டுபோய் விடு. பிள்ளைகள் இங்க இருக்கட்டும். நான் சேலையக் கட்டணும்.”

கொழும்பு கேட்கவில்லை. வெளியேற்றிய ஆளை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது விதிக்கு மாறு, எழுத்தில் அனுமதி வரும் வரைக்கும் நில்லுங்கள் என்று சொன்னார்கள். அனுமதி தருகிற ஆள் கூட்டத்தில் இருக்கிறாராம். மேடம் இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். மூன்றாம் தரம், “நான் போகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் போனைப் பையில் போட்டார். அது ஆங்கிலத்தில் சொன்னது. ரிஸ்வான்தான் எனக்குச் சொன்னான். ஒரு சொல்லும் விடவில்லை என்று சத்தியமும் பண்ணினான்.

போகும் வழியெல்லாம் மெர்லின் முன் ஆசனத்தில், கண்ணாடியை இறக்கி, முகம் தெரிய இருந்தாள். அது அவளுடைய யோசனை. ஊருக்குள் நுழைந்ததும் வானை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். கண்ட பெண்கள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். “பாத்திமா, நான் வந்துட்டேன். தேங்கா ரெண்டு எடுத்து வை.” பார்க்கிறவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரையில் இருபது பொடியன்மார் போல. கடலில், பாருக்கு அப்பால் மூன்று படகு ஆடிக்கொண்டு நின்றது. வாடிக்கு முன்னால் செயலாளர் நானா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி மறிக்கிற மாதிரி நின்றார். கம்பம் மணலில் கிடந்தது. முன்னுக்கு நின்றவன் பேர் அஸ்மி, படகு எஞ்சின் திருத்துகிற ‘பாஸ்’. கையில் துடுப்புக் கட்டை.

மெர்லின் அவனிடம் நேரே போனாள். இப்போது தமிழ் வந்தது.

“நேத்து என்ட புருஷன்ட எஞ்சினக் கழட்டிப் பூட்டினது நீதானே?”

“ஓம்.”

“எங்கட வாடியில சோறு திண்டதும் நீதானே?”

“அதுக்கு இப்ப என்ன?”

“கம்பத்தப் புடி. என்னால தூக்க ஏலாது.”

“அவனுகள் கத்தியோட இறங்கினா?”

“கத்தி மீன் வெட்ட. இந்தச் சேலையக் காணாட்டித்தான் அவனுக வேற எதுக்கும் எடுப்பானுக. புடி தம்பி, காத்து கூடுது.”

அஸ்மி நானாவைப் பார்த்தான். நானா அழுகிற குரலில், “புடியன்டா, மகன்” என்றார். பின்னால் நின்ற ஒருவன், “எஞ்சின் பாஸ் இப்ப கம்பம் பாஸ் ஆகிட்டாரு” என்றான். யாரோ சிரித்தார்கள்.  அஸ்மி கட்டையைக் கீழே போட்டான். ரிஸ்வான், நானா, அஸ்மி, இன்னும் இரண்டு பேர் பிடித்துக் கம்பத்தை நிமிர்த்தினார்கள். மெர்லின் உச்சியில் சேலையைக் கட்டியே கொடுத்திருந்தாள். அது விரிந்து அடித்தது.

படகுகள் உடனே வரவில்லை. ஏன் வர வேண்டும்? கீழே நிற்பது இருபது சோனகப் பொடியன்மார். மேடம் ஒரு வேலைதான் செய்தார். பொடியன்மாரைக் கும்பிடாத குறையாய்க் கேட்டு மணலில் குந்த வைத்தார். தானும் முழங்கால் வலியோடு குந்தினார். என்னையும் குந்தச் சொன்னார். நின்றது மெர்லின் மட்டும், தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில். தூரத்தில் இருந்து பார்த்தாலும் பெண்ணென்று தெரியும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் முதல் எஞ்சின் சத்தம் கேட்டது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வாசலால் நுழைந்தன. மெர்லினின் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, கையில் கத்தியோடு வந்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மீன் எங்க?” என்றாள் சிங்களத்தில்.

 வலையை வெட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். கத்தியை மணலில் போட்டுவிட்டு அவளுடைய தோளில் முகத்தை வைத்து அழுதார். அவள் ஒரு கையால் அவரைத் தட்டிக்கொண்டு, மறு கையால் தம்பி பேசுகிற போனை அவருடைய காதில் வைத்தாள். தம்பியின் லொறி பாதி வழியில், முந்தலில் வைத்தே திரும்பியது என்று பிறகு அறிந்தோம்.

அடுத்த நாள் மற்றப் பெண்களும் பிள்ளைகளும் தாங்களே கேட்டு வாடிக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு நாலு நாள் மேடமும் நானும் வாடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தோம். வேலை அவ்வளவுதான். வெயில், ஈ, நானா கொண்டுவருகிற சீனி கூடின தேத்தண்ணி. அதைப் பற்றி உங்கள் கடதாசியில் ஒரு வரி இல்லை.

மேடம் எழுதிய அறிக்கையில் எல்லாம் இருந்தது. தன் பிழையையும் எழுதினார், என் பிழையை எழுதட்டுமா என்று என்னிடம் கேட்டுவிட்டு எழுதினார். எனக்கு வெட்கமாய் இருந்தது, ஆனாலும் ஓம் என்றேன். பிறகு அது கொழும்புக்குப் போய், கொழும்பில் இருந்து எங்கெங்கோ போய், சுருங்கிச் சுருங்கி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நான் விழுங்கியது ஒரு பெண் சொன்னதில் பாதி. அவர்கள் விழுங்கியது அன்றைய பின்னேரம் முழுவதும். நான் வெட்கத்திலும் அவசரத்திலும் செய்தேன். அவர்களுக்கு என்ன அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கடதாசியை வாசித்து நீங்களும் நாளைக்கு ஒரு கரைக்குப் போய், நாலு பேரை வானில் ஏற்றி, கட்டத்தில் சரி போட்டுவிட்டு வருவீர்கள். அதுதான் என் கோபம்.

எனக்கு நினைவு பிசகும் என்று முதலே சொன்னேன். சேலை சிவப்பா செம்மஞ்சளா என்று இப்போது நிச்சயமில்லை. கரையில் நின்ற பொடியன்மார் இருபதுக்குக் கூடவாகவும் இருக்கலாம். கடதாசியைத் திருத்துமுன் யாராவது ஒருவர் இதையெல்லாம் சரிபார்க்க வேண்டும். என்னிடம் வர வேண்டாம். பருவம் தொடங்கிவிட்டது, மெர்லின் இப்போது அதே கரையில்தான் இருப்பாள். அவளிடம் போய்க் கேளுங்கள். கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே வானை விட்டு, நடந்து போங்கள். அவள் நீட்டி நீட்டித்தான் சொல்வாள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சுருக்கமாய்ச் சொன்னால், மிச்சம் எங்கே என்று கேளுங்கள்.